தன் நோயைத் தானே சொல்லும் கருவி



கணினியைப் பற்றிப் பேசுவதற்குப் பொறியியலாளர் ஒருவரன்றோ வரவேண்டும், கலைப் பட்டம் பெற்ற பாடசாலை அதிபருக்கு இங்கே என்ன வேலை என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நியாயமான கேள்விதான். ஆயினும் இன்று கொழும்பிலே ஒரு பாடசாலையை நடத்துவோருக்கு, வரவுப் பதிவேட்டைப் போலவே கணினியும் அன்றாடக் கவலைகளுள் ஒன்றாகிவிட்டது. கணினி ஓடாவிடில் கடிதம் போகாது. புள்ளிப் பட்டியல் வராது. தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் பிள்ளைகள் பாடநூலிலுள்ள படத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

வீடுகளின் நிலையும் இதுவே. வெள்ளவத்தையின் மாடிக் குடியிருப்புகளிலே, பிள்ளைகளைக் கனடாவிலும் இலண்டனிலும் வைத்துவிட்டுத் தனித்திருக்கும் முதியோர் பலர் உளர். பேரப்பிள்ளையின் முகத்தை அவர்களுக்குக் காட்டுவது ஒரு பழைய மடிக்கணினியே. கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய ஒழுங்கைகளிலே, மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கணினி என்று முறைவைத்துப் படிக்கும் குடும்பங்கள் உள. அந்த ஒரு கணினி நின்றுவிட்டால் அவர்களுக்கு மாற்று வழி இல்லை. ஆதலால், கணினி நோயுற்றபோது அது தன்னைப்பற்றி என்ன சொல்லுகின்றது என்பதை விளங்கிக்கொள்வது, பொறியியலாளருக்கு மட்டும் உரிய காரியமன்று. அதைப்பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

மற்றப் பொறிகளுக்கு இல்லாத ஓர் இயல்பு கணினிக்கு உண்டு. தையல் இயந்திரம் பழுதானால் அதைத் திருத்துவோன்தான் பழுதைக் கண்டுபிடிக்க வேண்டும். கணினியோ தன்னைத் தானே சோதித்துப் பார்த்து, “எனக்கு இன்ன குறை” என்று கூறவல்லது. இதற்குத் தற்சோதனை என்று பெயர் வைத்துக்கொள்வோம். இச்சோதனை மூன்று இடங்களிலே நிகழ்கின்றது.

முதலாவது, மின்னாளியை அழுத்திய மறுகணமே நடப்பது. தாய்ப்பலகையில் நிலையாகப் பதிந்திருக்கும் ஒரு சிறு மென்பொருள், நினைவகம் உண்டா, விசைப்பலகை உண்டா, திரையை இயக்கும் பகுதி உண்டா என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். 1981 ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினியிலேயே இச்சோதனை இருந்தது. 201 என்று திரையில் எழுதினால் நினைவகத்திற் பிழை. 301 என்று எழுதினால் விசைப்பலகையிற் பிழை. திரையே வேலை செய்யாவிடின் எழுதிக் காட்ட இயலாதாகையால், பீப் பீப் என்று ஒலி எழுப்பும். இக்காலத்து மடிக்கணினிகள் சிலவற்றில் ஒலிக்குப் பதிலாக ஒரு சிறு விளக்குக் கண்சிமிட்டும். எத்தனை முறை ஒலித்தது, எத்தனை முறை சிமிட்டியது என்பதிலேதான் பொருள் அடங்கியிருக்கின்றது. அப்பொருள் உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் வேறுபடும். ஆகவே ஒருவர் வீட்டுக் கணினியின் மூன்று ஒலிக்குச் சொன்ன பொருளை மற்றொருவர் வீட்டுக் கணினிக்குப் பொருத்திப் பார்த்தல் தவறு.

இரண்டாவது சோதனை வன்தட்டினுள்ளே நடப்பது. தன்னிடத்தில் எத்தனை பகுதிகள் பழுதாகிவிட்டன, எத்தனை தடவை வாசிக்க முடியாமற் போயிற்று என்பதையெல்லாம் வன்தட்டுத் தானே கணக்கு வைத்துக்கொள்ளும். மூன்றாவது, பணிசெயல் முறைமையினுள்ளே இருக்கும் சோதனைக் கருவிகள். நம்மவரிற் பெரும்பாலோர் பாவிப்பது விண்டோஸ் ஆகையால், அதன் கருவிகளையே உதாரணமாகக் கொள்கின்றேன்.

இனி முக்கியமான விடயத்துக்கு வருவோம். எந்தச் சோதனையும் மூன்று விதமான விடைகளைத் தரலாம். “குறை கண்டேன்” என்பது ஒன்று. “குறை காணவில்லை” என்பது மற்றொன்று. “என்னாற் சோதிக்கவே முடியவில்லை” என்பது மூன்றாவது. இம்மூன்றும் வெவ்வேறானவை. ஆனால் திரையிலே ஆங்கிலத்தில் “பிழை” என்ற சொல் தோன்றியவுடன், மூன்றையும் ஒன்றாகவே எண்ணி நாம் கலங்கிவிடுகின்றோம். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி உடைந்துபோனால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று யாரும் முடிவுகட்டுவதில்லை. காய்ச்சல் இல்லை என்றும் முடிவுகட்டுவதில்லை. வேறொரு வெப்பமானியைத் தேடுகின்றோம். கணினியின் முன்னிலையில் மட்டும் இந்தப் பொது அறிவு நம்மை விட்டுப் போய்விடுகின்றது.

நான் அறிந்த தகப்பனார் ஒருவர், கொட்டாஞ்சேனையில் ஒரு சிறு தொழில் செய்பவர், தம் மகளின் உயர்தரப் படிப்புக்கென்று பாவித்த கணினியைப்பற்றி என்னிடம் வந்து, “சேர், அது முடிந்துவிட்டதாம். சோதித்துப் பார்த்தவர் இனித் திருத்தவே இயலாது என்கிறார்” என்றார். புதியதொன்று வாங்குவதற்காக மனைவியின் சங்கிலியை அடகுவைக்கும் எண்ணத்தோடு இருந்தார். திரையில் வந்த வாசகத்தை அப்படியே எழுதி வரும்படி கேட்டேன். அடுத்த நாள் எழுதிக்கொண்டு வந்தார். “முன்னர் தொடங்கிய ஒரு திருத்தம் முடிவுறாமல் நிற்கின்றது, கணினியை மீள இயக்கிய பின்னரே சோதனை நடத்தலாம்” என்பதே அவ்வாசகத்தின் பொருள். கணினி தன் மரணத்தை அறிவிக்கவில்லை. சற்றுப் பொறுக்கும்படியே கேட்டது. முறையாக மீள இயக்கியபின் சோதனை நடந்தது. கெட்டுப்போயிருந்த சில கோப்புகள் திருத்தப்பட்டன. சங்கிலி கழுத்திலேயே இருந்தது.

இங்கே குறிப்பிட்ட சோதனைக் கருவிக்கு எஸ்.எவ்.சி. என்று பெயர். முறைமைக் கோப்புகளைச் சரிபார்ப்பது இதன் தொழில். இதன் வேலையைப் பாடசாலைக் காரியாலய நடைமுறையைக் கொண்டு விளக்கலாம். விண்டோஸ் தன் முக்கிய கோப்புகளுக்கு மூலப் பிரதிகளை ஒரு களஞ்சியத்திலே வைத்திருக்கின்றது. எஸ்.எவ்.சி. பாவனையிலுள்ள ஒவ்வொரு கோப்பையும் எடுத்து, மூலப் பிரதியோடு ஒப்பிட்டு, மாறுபட்டதை நீக்கி நல்ல பிரதியை வைக்கின்றது. உங்கள் கடிதங்களையும் படங்களையும் அது தொடுவதில்லை, அவற்றைக் காப்பதுமில்லை.

இக்கருவி தானே பிழை காட்டும் சந்தர்ப்பங்கள் சில உள. அவற்றை வரிசையாகச் சொல்லுகின்றேன். விரும்புவோர் தாளும் பேனையும் எடுத்துக் குறித்துக்கொள்ளலாம்.

“நீர் நிருவாகியாக இருத்தல் வேண்டும்” என்று அது கூறினால், கணினியில் யாதொரு குறையும் இல்லை. கட்டளை எழுதும் கரும்பலகை போன்ற அச்சாளரத்தை, நிருவாகி என்ற உரிமையோடு திறக்கவில்லை என்பதே பொருள். அதை மூடிவிட்டு, அந்த உரிமையோடு மறுபடி திறக்க வேண்டும்.

“திருத்தும் சேவையைத் தொடங்க முடியவில்லை” என்று கூறினால், விண்டோஸ் மொடியூல்ஸ் இன்ஸ்ரோலர் என்னும் உட்சேவை நிறுத்தப்பட்டிருக்கக்கூடும். சேவைகளின் பட்டியலைத் திறந்து, அது முடக்கப்பட்டிருந்தால் மீண்டும் அனுமதிக்க வேண்டும். கணினியை வேகப்படுத்துவதாகச் சொல்லிக்கொண்டு வரும் சில மென்பொருள்கள் இத்தகைய சேவைகளை நிறுத்திவிடுவதுண்டு.

“கெட்ட கோப்புகளைக் கண்டேன், ஆனால் சிலவற்றைத் திருத்த இயலவில்லை” என்று கூறினால், மூலப் பிரதியிலேயே பழுதிருக்கலாம். பதிவேட்டின் பிரதியைத் திருத்த மூலத்தை எடுத்துப் பார்த்தால், மூலத்தையே கறையான் அரித்திருந்தது போன்ற நிலை அது. அப்போது எஸ்.எவ்.சி.யை நூறு முறை ஓட்டினாலும் பயனில்லை. களஞ்சியத்தைத் திருத்துவதற்கு டிஸ்ம் என்னும் வேறொரு கருவி உண்டு. அது இணையத்தின் வழியாக மைக்ரோசொப்ட் நிறுவனத்திடமிருந்தோ, விண்டோஸ் நிறுவும் வட்டிலிருந்தோ நல்ல பிரதிகளைக் கொண்டுவரும். முதலில் டிஸ்ம், பின்னர் எஸ்.எவ்.சி. என்பதே ஒழுங்கு. “மூலக் கோப்புகள் கிடைக்கவில்லை” என்று டிஸ்ம் முறையிட்டால், இணைய இணைப்பைப் பாருங்கள். அல்லது அதே பதிப்பைச் சேர்ந்த நிறுவும் வட்டைக் காட்டிக் கொடுங்கள். ஏதேனும் ஒரு வீதத்திலே அசையாமல் நெடுநேரம் நின்றாலும் பொறுமை வேண்டும். நின்றுவிட்டதென்று எண்ணி மின்சாரத்தை நிறுத்தினால், இருந்த பழுதோடு புதிய பழுதும் சேரும்.

வன்தட்டைச் சோதிக்கும் செக்டிஸ்க் என்ற கருவி, “இத்தட்டு இப்போது பாவனையில் உள்ளது, அடுத்த முறை தொடங்கும்போது சோதிக்கவா?” என்று கேட்கும். இதுவும் பிழையன்று. ஓடுகின்ற வண்டியின் சில்லைக் கழற்ற முடியாதது போல, பாவனையிலுள்ள தட்டைத் திருத்த முடியாது. ஆம் என்று விடையளித்து மீள இயக்கவேண்டும். நினைவகத்தைச் சோதிக்கும் கருவியோ, சோதனையை முடித்தபின் முடிவைத் திரையிற் காட்டாமலே போய்விடுவதுண்டு. முடிவு தொலையவில்லை, நிகழ்ச்சிப் பதிவேடு என்னும் பகுதியிலே, முறைமை என்ற தலைப்பின்கீழ் எழுதிவைக்கப்பட்டிருக்கும்.

சோதனைகளெல்லாம் ஒருங்கே தடுமாறும்போது பார்க்கவேண்டியது கடிகாரத்தை. தாய்ப்பலகையில் ஒரு நாணயத்தின் வடிவிலே 3 வோல்ற்று மின்கலம் ஒன்று உண்டு. சில ஆண்டுகளில் அது தீர்ந்துபோனால், கணினி நாளை மறந்துவிடும். நாள் பிழைத்தால், இணையத்தளங்களின் நம்பகச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தோன்றும். விண்டோஸ் தன் இற்றைப்படுத்தல்களைப் பெறமாட்டாது. டிஸ்ம் மூலக் கோப்புகளைக் கொண்டுவர முடியாது தவிக்கும். சில நூறு ரூபா மின்கலத்தின் குற்றம், பெரும் பணம் பெறுமதியான கணினியின் குற்றம்போலக் காட்சியளிக்கும்.

கொழும்புக்கே உரிய காரணங்களும் உள. வெள்ளவத்தையிலே கடற்காற்று உப்பைச் சுமந்துகொண்டு வீட்டினுள் வருகின்றது. சன்னற் கம்பியைத் துருவேற்றும் அவ்வுப்பு, நினைவகப் பலகையின் மெல்லிய தொடுமுனைகளை மட்டும் விட்டுவைக்குமா? தொடுமுனை மாசுற்றால் நினைவகம் கெட்டது போலவே சோதனை கூறும். கணினியை நிறுத்தி, மின்னிணைப்பை நீக்கி, அப்பலகையை எடுத்துத் துடைத்து மறுபடி பொருத்தியபின் குறை மறைவதும் உண்டு. பழக்கமற்றோர் இதனைத் தாமே செய்யாமல், “முதலில் இதைச் செய்து பாருங்கள்” என்று திருத்துபவரிடம் கேட்கலாம்.

மின்சாரம் மற்றொரு காரணம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டை நாம் அனுபவித்தோம். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, பாணந்துறை மின் உபநிலையத்திலே குரங்கொன்று புகுந்ததால் நாடு முழுவதும் மின்சாரம் இழந்தது. வன்தட்டு எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் அறுந்தால் எழுத்துப் பாதியில் நிற்கும். கெட்ட கோப்பு என்று பின்னர் சோதனை காட்டுவது பெரும்பாலும் அந்தப் பாதி எழுத்தையே. மேசைக் கணினிக்குத் தடையிலா மின்வழங்கி ஒன்று, ஐந்து நிமிடமே தாங்கினாலும், ஒழுங்காக நிறுத்துவதற்குப் போதுமானது.

இதுவரை, சோதிக்க முடியாமற்போன நிலையைப் பார்த்தோம். “குறை காணவில்லை” என்ற விடையையும் அளவறிந்தே நம்பவேண்டும். 2007 ஆம் ஆண்டு கூகிள் நிறுவனத்தின் ஆய்வாளர் இலட்சத்துக்கு மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டனர். பழுதடைந்த தட்டுகளுள் நூற்றுக்கு 36க்கு மேற்பட்டவை, முன்னறிவிப்பாக யாதொரு பிழைக் கணக்கையும் காட்டாமலே பழுதடைந்தன என்று அவர்கள் கண்டனர். ஆகவே வன்தட்டு “நலம்” என்று கூறுவது, நாளைக்கும் நலம் என்ற உறுதிமொழியன்று.

சோதனைச் செய்தியைத் தவறாக வாசிப்பதால் விளையும் கேட்டுக்கு உலகறிந்த ஓர் உதாரணம் உண்டு. 1996 ஜூன் 4 ஆம் திகதி, பிரெஞ்சுக் கயானாவிலிருந்து ஏரியான் 5 என்ற ஐரோப்பிய ஏவுகணை முதன்முறையாகப் புறப்பட்டது. அதன் திசையறியும் கணினியில், கொள்ள முடியாத அளவு பெரிய எண் ஒன்றைச் சிறிய இடத்திலே வைக்க முயன்றதால் பிழை நேர்ந்தது. அக்கணினி தான் பழுதானதை அறிவிக்கும் சோதனைச் செய்தியை முறைப்படி அனுப்பிற்று. தலைமைக் கணினியோ அச்செய்தியை ஏவுகணை பறக்கும் நிலைபற்றிய விபரமென்று எண்ணிக்கொண்டது. இல்லாத விலகலைத் திருத்துவதாக ஏவுகணையைத் திருப்பிற்று. ஏறக்குறைய 40 விநாடிகளிலே ஏவுகணை சிதறிப்போயிற்று. பிழைச் செய்தி அனுப்பப்பட்டது. அது இன்ன வகைச் செய்தி என்று வாசிக்கத்தான் எவரும் இல்லை. நம் வீட்டு மேசையிலே அதை வாசிப்பதற்கு நாம் இருக்கின்றோம். அது நமக்குள்ள அனுகூலம்.

மருந்தைப் பற்றிச் சொல்லவந்த வள்ளுவரும் நோயை அறிதல், அதன் காரணத்தை அறிதல், தீர்க்கும் வழியை அறிதல், பின்னரே செய்தல் என்ற ஒழுங்கைத்தான் வைத்தார். கணினிக்கு இவ்வொழுங்கின் முன்னே இன்னும் ஒன்றைச் சேர்க்கவேண்டும். அது பிரதி எடுத்தல். திருத்தத் தொடங்குமுன், வன்தட்டு இன்னும் வாசிக்கக்கூடியதாக இருக்கும்போதே, கடிதங்களையும் படங்களையும் பிள்ளைகளின் செயற்றிட்டங்களையும் வேறொரு தட்டிலே பிரதிசெய்து, அத்தட்டைக் கணினியிலிருந்து கழற்றி வைத்துவிட வேண்டும். கழற்றி வைப்பது ஏன் அவசியம் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2023 ஓகஸ்டில் அரசாங்க மின்னஞ்சற் சேவை கணினிக் கப்பக்காரரின் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. ஏறக்குறைய 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. இணைப்பிலேயே இருந்த பிரதியும் சேர்ந்து கெட்டமையால், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை. அங்கே பாவனையிலிருந்த மென்பொருள் காலங்கடந்தது என்பதும் அப்போது வெளியாயிற்று. நம்மிற் பலர் பாவிக்கும் விண்டோஸ் 10க்கும், 2025 ஒக்டோபர் 14 உடன் வழக்கமான இலவச ஆதரவு முடிந்துவிட்டது. அக்கணினிகள் ஓடாமற் போய்விடவில்லை. ஆயினும் அவற்றிலே பிரதி எடுக்கும் கடமை முன்னரிலும் கூடுதலாகின்றது.

முடிவாக முதியோருக்கு ஓர் எச்சரிக்கை. இணையத்தில் உலாவும்போது, திடீரெனத் திரை சிவந்து, “உமது கணினியை வைரசு பற்றிவிட்டது, உடனே இந்த இலக்கத்துக்கு அழையும்” என்று ஒரு சோதனை முடிவு தோன்றுமாயின், அது சோதனையன்று, ஏமாற்று. விண்டோசின் உண்மையான சோதனைக் கருவி எதுவும் தொலைபேசி இலக்கம் தந்து அழைக்கச் சொல்வதில்லை; வங்கி அட்டை இலக்கத்தைக் கேட்பதுமில்லை. அந்த இலக்கத்துக்கு அழைத்தால், மறுமுனையில் இருப்பவன் கணினியைத் தூரத்திலிருந்து தன் கைக்குள் எடுத்துக்கொள்வான். உலாவியை மூடிவிடுங்கள், மூட முடியாவிடில் கணினியை நிறுத்திவிடுங்கள். பின்னர் உங்கள் பிள்ளையிடமோ, அயல்வீட்டு மாணவனிடமோ சொல்லுங்கள்.

ஆகவே நேயர்களே, அடுத்த முறை திரையிலே “பிழை” என்ற சொல் தோன்றும்போது, எதையும் அழுத்துமுன் அவ்வாசகத்தை எழுத்துப் பிசகாமல் ஒரு தாளிலே எழுதிக்கொள்ளுங்கள். அல்லது கைத்தொலைபேசியிலே படம் பிடியுங்கள். இது குறை கண்டேன் என்பதா, குறை காணவில்லை என்பதா, சோதிக்க முடியவில்லை என்பதா என்று கேளுங்கள். ஆங்கிலம் விளங்காவிடின் பாடசாலைப் பிள்ளையிடம் வாசித்துப் பொருள் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளைக்கும் அது நல்ல பாடமாகும். திருத்துபவரிடம் போகும்போது அத்தாளையும் கொண்டுபோங்கள். “வேலை செய்யவில்லை” என்று மட்டும் சொல்பவருக்கும், வந்த வாசகத்தைக் காட்டிப் பேசுபவருக்கும் கிடைக்கும் விடைகள் வேறுபடுவதை நீங்களே காண்பீர்கள்.